ஏழில் ஒரு முறை

மச்சான், மடிக்கணினியின் மூடியை மூடினால் அது தூங்க வேண்டும், திறந்தால் எழுந்துகொள்ள வேண்டும். ஒரு குடும்பத்தில் இதைவிடச் சின்ன ஆசை இருக்க முடியாது. உங்கள் தங்கை என்னிடம் கேட்டதும் அதைத்தான். நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதி அனுப்பச் சொல்லி நேற்று போனில் கேட்டீர்கள். எழுதுகிறேன். எனக்கு எதையும் மூடி மறைத்துப் பழக்கமில்லை.

அவளுடைய கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டது நான்தான். கட்டடங்களின் உள்ளமைப்பை வரைவது அவள் தொழில். அந்தப் படங்கள் திக்காமல் திணறாமல் ஓட வேண்டுமென்றால், கிராஃபிக்ஸ் சிப்பைச் செய்த நிறுவனமே தரும் டிரைவரை, அதாவது அந்தச் சிப்பை ஓட்டும் மென்பொருளை, போட்டாக வேண்டும். அது பூட்டிய பெட்டி. உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியாள் பார்க்க வழியில்லை. எனக்கும் அதற்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. போன வருடம் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு, கணினி தூங்கப் போனால் போனதுதான் என்றாகிவிட்டது. மூடியைத் திறந்தால் விசிறி சுற்றும், விசைப்பலகையில் விளக்கு எரியும், திரை மட்டும் கன்னங்கரேலென்று கிடக்கும்.

சாப்பாட்டு மேசையில் மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணினி தான் செய்வதையெல்லாம் நொடிக்கு நொடி லாக் என்ற பதிவேட்டில் எழுதிவைக்கும். அதைப் படிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். கண்ணும் கருத்துமாகக் கேட்டுக்கொண்டாள்.

"எல்லாத்தையுமா எழுதி வெக்குது?"

"எல்லாத்தையும். அதுக்கு மறைக்கத் தெரியாது."

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். அதில் அவள் மூன்று நாள் சேர்ந்தாற்போல் என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உங்கள் தங்கைக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான்காம் நாள் காலை மருந்து கிடைத்துவிட்டது. திரையில் இருப்பதைத் தூங்கும் முன் பத்திரப்படுத்திக்கொள் என்று டிரைவருக்குச் சொல்லும் ஒரே ஒரு வரி. போட்டேன், மூடினேன், திறந்தேன், திரை பளிச்சென்று வந்தது. "அப்பாடா, முடிஞ்சுதா" என்று அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். நாற்காலி இருந்த இடத்தை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணினி தூங்கப் போகும்போது ஓட வேண்டிய சின்னச் சின்ன நிரல்களைப் போட்டுவைக்க லினக்ஸில் ஒரு ஃபோல்டர் உண்டு. பன்னிரண்டு வரியில் ஒன்றை எழுதி அதில் போட்டேன். ஏழு முறை தூங்கினால் ஒரு முறை அது என் மருந்தை வேலை செய்ய விடாது. ஏழு என்பது நியாயமான எண். ஐந்து என்றால் வேறு கணினி வாங்கிவிடுவாள். பத்து என்றால் என்னை மறந்துவிடுவாள். எந்த நிரலை எழுதினாலும் யார் எழுதியது, எந்தத் தேதி, எதற்காக என்று மேலே கமெண்ட் போடுவது என் வழக்கம். கமெண்ட் இல்லாமல் எழுதுகிறவர்களை நான் மனிதர்களாகவே மதிப்பதில்லை. அதனால் இதற்கும் போட்டேன்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு நாளாவது திரை கறுக்கும். அவள் நாற்காலியோடு வருவாள். இருவரும் ஒற்றுமையாக டிரைவரைத் திட்டுவோம். செய்யாத குற்றத்துக்கு அது வாங்கிக் கட்டிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு.

இதற்கிடையில் நூலக வேலை வந்தது. வேறோர் ஊரில் கட்டும் நூலகத்தில் குழந்தைகள் பகுதி. எட்டு மாதம் வரைந்தாள். தேர்வுக் குழுவுக்கு முன்னால் கால் மணி நேரம் காட்ட வேண்டும். கிடைத்தால் இரண்டு வருடம் அந்த ஊரிலேயே தங்கி வேலை. "இது மட்டும் கெடச்சாப் போதும்ங்க, வேற எதுவும் வேணாம்" என்றாள். அந்த வேறு எதுவும் என்பதில் நானும் அடக்கமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

குழுவுக்குக் காட்ட வேண்டிய நாள் காலை, அவள் குளிக்கப் போன நேரத்தில் நிரலைத் திறந்து, ஏழு என்ற எண்ணை ஒன்று என்று மாற்றினேன். ஒரே ஓர் இலக்கம்தான். கணினியை மூடிப் பையில் வைத்ததும் நான்தான். சார்ஜரையும் மறக்காமல் வைத்தேன்.

குழுவின் முன் மூடியைத் திறந்திருக்கிறாள், திரை கறுப்பு. அணைத்து, மறுபடி போட்டு, படங்களை ஏற்றி முடிக்கப் பதினோரு நிமிடம் ஆகியிருக்கிறது. மிச்ச நான்கு நிமிடத்தில் எட்டு மாதத்தைச் சொல்ல முடியுமா? வேலை வேறொருவருக்குப் போனது. சாயங்காலம் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். அவ்வளவு நேரம் அவள் என்மீது சாய்ந்ததே கிடையாது. "டிரைவர்தாம்மா, என்ன பண்றது" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, நான் அலுவலகம் போயிருந்தபோது, தனியாக உட்கார்ந்து லாக்கைப் படித்திருக்கிறாள். அன்று மூடியை மூடிய நொடியில் எது ஓடியது என்று அதில் இருந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஃபோல்டருக்கே போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்தபோது நிரல் திரையில் திறந்திருந்தது. மேலே என் பெயர், தேதி, அதற்குக் கீழே ஒரு வரி: 'நோக்கம்: அவள் என் பக்கத்தில் வந்து உட்கார.'

"கமெண்ட்டு நல்லாத் தெளிவா எழுதியிருக்கீங்க" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான், மச்சான். அங்கே கணினி ஒழுங்காகத் தூங்கி எழுகிறது என்றீர்கள். மகிழ்ச்சி. என் நிரலை அவள் அழித்தது அவள் உரிமை. அவளுக்குத் தெரியாத இன்னொரு நிரலும் அந்தக் கணினியில் இருக்கிறது. அவள் அழுத சாயங்காலம், முகம் கழுவப் போயிருந்தபோது வைத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. டிரைவருக்கு அடுத்த அப்டேட் வரும்வரை அது தன்பாட்டுக்குச் சும்மா இருக்கும். லாக்கில் அதன் பெயர் வராது. இந்த முறை கமெண்ட்டும் எழுதவில்லை. திரை கறுத்தால் பதற வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.