கோபால்ட்டுப் பூ

— அந்தக் காகிதப் பூவைக் கடாசிட்டுப் போவியா, பள்ளிக்கூடத்து லாப் வரைக்கும் தூக்கிட்டு வந்திருக்கியே அஞ்சலாட்சி?

— கடாசினேன் கலியபெருமாள் முசே. கடல்லதான் போட்டேன். மறுநா பாத்தா, வூட்டுல பழையபடி ஆணியில தொங்குது.

— காத்துல வந்திருக்கும்.

— வந்து, தானா மாட்டிக்கிச்சா?

— கொடு இப்படி. கடல்ல நனைஞ்சிருந்தா உப்பு கரைஞ்சு வெறும் காகிதமாயிருக்கணும். இது நல்லா நீலமா இருக்கே. கேட்டுக்க, கோபால்ட்டுன்னு ஒரு உலோகம். அதோட உப்பைக் கரைச்சு, நான்தான் இந்தப் பூவைத் தோய்ச்சேன். காத்துல ஈரம் இருந்தா, கோபால்ட்டு ஆறு தண்ணித் துணுக்கை இழுத்துத் தன்னைச் சுத்தி உக்கார வச்சுக்கும். அப்ப ரோசு நிறம். காய்ஞ்சா தண்ணியை வுட்டுட்டு, கூட இருக்குற குளோரினைப் புடிச்சுக்கும். அப்ப நீலம். அவ்வளவுதான், விஷயம் முடிஞ்சுது.

— அதத்தான் எங்க வூட்டுக்காரர்ட்டயும் சொன்னீங்க. நீலமா இருந்தா கடலுக்குப் போ, ரோசா இருந்தா கட்டுமரத்தக் கரையில ஏத்துன்னு.

— காசிலிங்கம் கெட்டிக்காரன். ஒரே தடவையில புரிஞ்சுக்கிட்டான்.

— ஐப்பசிப் புயலன்னிக்கு வானம் கறுத்துக் கெடக்கு. வைத்திக்குப்பத்துல ஒருத்தரும் எறங்கல. பூ மட்டும் நீலம். ‘வாத்தியார் முசே படிச்சவரு, சரியாத்தான் இருக்கும்’னுட்டுப் போனாரு. போனவருதான்.

— எங்கே மாட்டியிருந்தே?

— அடுப்புக்கு மேல. அங்கதான் ஆணி இருந்துச்சு.

— அடிப்பாவி! அடுப்புச் சூட்டுல ஈரம் எப்படி நிக்கும்? ஊரே முங்கினாலும் அங்க நீலமாத்தான் இருக்கும்!

— அப்ப நான்தான் அவரக் கொன்னனா?

— வேற யாரு?

— ஆறு மாசமா தூக்கமில்ல முசே. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அடுப்பாண்ட மாட்டாதேன்னு அவர்ட்ட சொன்னீங்களா?

— சொன்னேனே. நாலு தரம் சொன்னேன்.

— பூவைப் பாருங்க.

— ஏன் ரோசாவுது? சித்திரை வெயில், மேல்காத்து அனலா அடிக்குது. இங்க ஏது ஈரம்?

— வூட்டுலயும் மத்தியானம் ஆனா இப்படித்தான். அடுப்பு எரியும், பூ ரோசாவும். அவரு கரை சேர்ற நேரம்.

— சும்மா இரு. ஸ்பிரிட் விளக்குல காட்டினா தண்ணி போயிடும், நீலமாயிடும். விஷயம் முடி... நீலமா ஆவணுமே. காகிதம் கருகுது, ரோசு போவ மாட்டேங்குது. அட, விளக்கும் அணைஞ்சுபோச்சு.

— திரி நனைஞ்சிருக்கும்.

— ஏதோ மீன் கவுச்சி அடிக்குது.

— எனக்குப் பழகிடுச்சு. சொன்னீங்களா முசே?

— இல்ல. சொல்லல. வாய் வரைக்கும் வந்துச்சு. அன்னிக்குன்னு அவன் ஒரு வஞ்சிரம் கொண்டாந்தான், பேச்சு கொழம்புப் பக்கம் போயிடுச்சு. அப்புறம் மறந்தே போச்சு. தப்பு என்னுது, உன்னுதில்ல. போதுமா?

— எனக்குப் போதும் முசே. இன்னிக்குத் தூங்குவேன்.

— பின்ன ஏன் நிக்கிறே? கெளம்பு.

— கெளம்பிட்டேன். அவரு உங்களாண்ட தனியா பேசணுமாம். கதவ வெளிப்பக்கமா தாப்பா போட்டுட்டுப் போகச் சொல்றாரு.