தீர்த்தமலையில் விழுந்த பெட்டி

இந்த ஸ்டேஷன் டீயில் இஞ்சி ஒரு பங்கு கூடுதல். சர்க்கரை அளவாக இருக்கிறது, சூடும் குறையவில்லை. மொத்தத்தில் ஒருமுறை குடிக்கலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. எதைக் கண்டாலும் இரண்டு வரி அபிப்பிராயம் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதும் அதனால்தான். உங்கள் ஏட்டையா எழுதும் நடையைப் பார்த்தேன். நல்ல மனிதர், ஆனால் முற்றுப்புள்ளி வைக்கவே மாட்டேன் என்கிறார்.

என் பெயர் வியாகுலம். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. தருமபுரியில் வெளிவரும் 'தகடூர்த் தமுக்கு' வாரப் பத்திரிகையில் பிழை திருத்துகிறேன், டெலிவிஷன் விமர்சனமும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தீர்த்தமலை மேல் ஏரியல் கம்பத்தின் கயிற்றை அவிழ்த்தது நான்தான். அதனால் டெலிவிஷன் பெட்டி பதினேழு படிகள் உருண்டது. அதைப் பிடிக்கப் போன ரேடியோ மெக்கானிக் அர்ச்சுனனுக்கு மணிக்கட்டு முறிந்தது. பெட்டியை அவர் பிடிக்கப் போயிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. என்றாலும் மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மெட்ராசில் டெலிவிஷன் நிலையம் வந்த வருஷம், அதாவது எழுபத்தைந்தில், எங்கள் ஆசிரியர் குப்புராஜ் என்னைக் கூப்பிட்டார்.

"மெட்ராஸ் பேப்பர்ல எல்லாம் டெலிவிஷன் விமர்சனம் போடறாங்க. நம்மள்ல இல்லேன்னா மானக்கேடு இல்லீங்களா? அடுத்த வாரத்துல இருந்து நீங்க எழுதிக் குடுங்க" என்றார்.

"நம்மகிட்ட பொட்டி இல்லீங்களே" என்றேன்.

"இந்த ஜில்லாவுல யார்கிட்ட இருக்குது? அதனாலதான் தைரியமா சொல்றேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மெட்ராஸ் தினசரி ஒன்று பஸ்ஸில் வரும். அதில் அன்றன்றைய நிகழ்ச்சிகளின் பெயர், நேரம், நடிப்பவர்கள் எல்லாம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நாடகம் என்றால் பிற்பாதியில் தொய்வு என்று எழுதுவேன். அதில் இதுவரை நான் தவறியதாக யாரும் சொன்னதில்லை. உழவர் நிகழ்ச்சியில் பேசிய அதிகாரி இன்னும் கொஞ்சம் சிரித்திருக்கலாம் என்பேன். பாட்டுக் கச்சேரி என்றால் மிருதங்கக்காரரை மட்டும் பாராட்டுவேன், பாடியவருக்கு அது ஒரு பாடமாக இருக்கட்டும் என்று. நான் கண்டித்து எழுதிய ஓர் உரத்தை ஏரியூரில் ஒரு விவசாயி மூட்டையோடு திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எழுத்துக்கு அந்த மரியாதை இந்த ஜில்லாவில் இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்குக் கற்பனை போதாது. கதாநாயகி என்றால் நீலச் சேலை, வில்லி என்றால் சிவப்புச் சேலை. வேறு நிறம் எனக்குத் தோன்றுவதில்லை. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

போன வருஷம் ஆடி மாதம் ஒரு நாடகத்தின் நடிகர் பட்டியலில் லூர்துமேரி என்று ஒரு பெயர் இருந்தது. 'லூர்துமேரி நீலச் சேலையில் அடக்கமாக வந்து மனத்தைத் தொட்டார்' என்று எழுதினேன். பத்திரிகை வந்த மறுநாளே, யாரோ படித்துக் காட்டியதைக் கேட்டு, பாப்பாரப்பட்டியிலிருந்து மிக்கேலம்மாள் என்ற விதவை ஒரு பை நிலக்கடலையோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். லூர்துமேரி அவருடைய ஒரே மகள். மூன்று வருஷம் முன்னால் தன் இஷ்டப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு மெட்ராஸ் போனவள். இந்த வூட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லி அனுப்பியது மிக்கேலம்மாள்தான். கோபம் ஆறியதும் ஒரு சேலை வாங்கி, தெரிந்தவர் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறார். மகளிடமிருந்து பதில் இல்லை. அது நீலச் சேலை.

"அத்தக் கட்டிக்கிட்டாளா தம்பி? நல்லாப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேங்க அக்கா. முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்துச்சு" என்றேன்.

அந்த அம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஐயா, என் எழுத்தைக் கேட்டு ஒருவர் அழுததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமை மெட்ராஸ் பஸ் ஏறி, மகள் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பதாக இருந்தாராம். "நான் குடுத்த சேலையக் கட்டியிருக்கான்னா கோவம் தீந்துருச்சுன்னு அர்த்தம். இனி எதுக்கு அலையறது? தானா வருவா" என்றார். நானும் அதுதான் சரி என்றேன். பஸ் பிரயாணம் அந்த வயதில் உடம்புக்கு ஆகாது.

அதன்பின் வாராவாரம் வந்தார். மகள் பெயர் பட்டியலில் இல்லாத வாரங்களிலும் நான் அவரை ஏமாற்றவில்லை. ஒரு வாரம் மேரி ஆசிரியையாக வந்தாள், ஒரு வாரம் தங்கையாக, ஒரு வாரம் நல்ல குணமுள்ள மாமியாராக. மாமியார் வேஷம் அவளுடைய வயதுக்குப் பொருந்தவில்லை என்று கண்டித்தும் எழுதினேன். தெரிந்தவர் மகள் என்பதற்காக நான் பாரபட்சம் காட்டியதில்லை. மிக்கேலம்மாள்தான் அன்று கொஞ்சம் முகம் வாடிப் போனார்.

மாசி மாதம் லூர்துமேரியிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஊரிலிருந்து யாரோ கடலை கட்டி வந்த தாளில் என் விமர்சனத்தைப் பார்த்தாளாம். தான் நடித்தது ஒரே நாடகம் என்றும், அதிலும் நர்ஸாக வந்து ஒரு தட்டை வைத்துவிட்டுப் போனதாகவும் எழுதியிருந்தாள். நீங்கள் வாராவாரம் எழுதுகிற லூர்துமேரி யார் என்று தெரியவில்லை, ஆனாலும் நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் என்பதால் கேட்கிறேன், இதை அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டு, உள்ளே அம்மாவுக்கு ஒரு தாள் வைத்திருந்தாள். படித்தேன். எளிய நடை, சொந்த அனுபவம், நடுவில் கொஞ்சம் தொய்வு. மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன். கொடுக்கக்கூடாது என்று நினைக்கவில்லை. கொடுத்தால் அந்த அம்மாள் இதுவரை பார்த்த அத்தனை நாடகங்களும் வீணாகிவிடுமே என்றுதான் தள்ளிப்போட்டேன்.

இந்த நிலையில்தான் அரூர் அர்ச்சுனன் ஒரு டெலிவிஷன் பெட்டியோடு வந்து சேர்ந்தார். கோடையில் தீர்த்தமலை உயரத்துக்கு மெட்ராஸ் அலை எட்டும் என்று எங்கள் பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தார். அதைப் பிழை திருத்தியது நான். அலை என்பதை வலை என்று விட்டுப் பார்த்தேன். அப்படியும் கூட்டம் வந்துவிட்டது.

மிக்கேலம்மாளும் வந்தார். சாமி மலை என்று செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, அத்தனை படியும் வெறுங்காலோடு ஏறினார். அன்றைக்கு நாடகத்தில் மேரி உண்டா என்று கேட்டிருந்தார். பழக்க தோஷத்தில் உண்டு என்று சொல்லியிருந்தேன்.

அர்ச்சுனன் பாறை மேல் கம்பம் நட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி, கோயில் விளக்குக் கம்பியிலிருந்து கரண்ட் எடுத்திருந்தார். ஏழு மணிக்குப் பெட்டியில் வெறும் இரைச்சல். பிறகு மாவு சலித்த மாதிரி ஏதோ விழுந்தது. அதற்குள் ஒரு பெண் முகம் தெரிந்தது. நானும் அன்றுதான் டெலிவிஷனை முதல்முறையாகப் பார்த்தேன். எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

மிக்கேலம்மாள் எழுந்து பெட்டிக்கு அருகே போனார். "மேரியா இது? சேலை ஏன் சாம்பலாத் தெரியுது?" என்றார்.

"பொட்டியில கலரே வராதுங்க ஆத்தா. எல்லாம் கருப்பு வெள்ளதான்" என்றார் அர்ச்சுனன். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆமாங்க, நீங்க நீலம் செவப்புன்னு எழுதறீங்களே, அது எப்படிங்க?"

கூட்டமே என்னைப் பார்த்தது. அது பெட்டியைப் பொறுத்தது என்றேன். பெட்டியில் முகம் தெளிந்துகொண்டே வந்தது. இன்னும் அரை நிமிஷத்தில் அது மேரி இல்லை என்று தாய்க்குத் தெரிந்துவிடும். ஒரு தாயை அவ்வளவு பேர் நடுவில் அந்த நிலைக்கு ஆளாக்க எனக்கு மனம் வரவில்லை. பாறைக்குப் பின்னால் போய் ஒரு கயிற்றை அவிழ்த்தேன். மற்ற மூன்றும் அவ்வளவு பலமாகக் கட்டப்படவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பம் சாய்ந்தது, ஒயர் இழுத்தது, பெட்டி மேஜையை விட்டுக் கிளம்பியது. மற்றதை அர்ச்சுனன் சொல்லியிருப்பார். அவர் கொஞ்சம் மிகைப்படுத்துவார்.

கயிற்றின் கதை அவ்வளவுதான். ஆனால் வாக்குமூலம் என்றால் முழுமையாக இருக்க வேண்டும், ஆகவே இன்று காலை நடந்ததையும் எழுதுகிறேன்.

என் மேஜையைச் சோதித்தபோது கிடைத்த, அம்மாவுக்கு எழுதிய அந்தத் தாளை, சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வந்திருந்த மிக்கேலம்மாள் கையில் நீங்கள் கொடுத்தீர்கள். "உங்க பொண்ணு எழுதினதும்மா, யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினீர்கள். ஏட்டையா டீ சொல்லப் போனார். அந்த அம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"நீயே படி தம்பி. அவளப் பத்தி ஒன் வாயால கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்."

நிதானமாகப் படித்தேன். அதிலும் ஒரே நாடகம் என்று இருந்த இடத்தில் ஒரே என்பதை விட்டுவிட்டேன். சேலை வந்து சேர்ந்தது, பதில் எழுதத் தைரியம் வரவில்லை, ஞாயிறு பூசைக்குக் கட்டிக்கொண்டு போனேன் என்று அவள் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். மிக்கேலம்மாள் கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கடைசியில என்ன எழுதியிருக்கா? என்ன வரச் சொல்றாளா?" என்று கேட்டார்.

"நல்லபடியா முடிச்சிருக்குதுங்க அக்கா. ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

கடைசியில் இருந்தது இது: 'எனக்கு ஆனி மாசம் பிரசவம். துணைக்கு யாரும் இல்லை, பயமா இருக்குது, கோவத்தை விட்டுட்டு வாம்மா.' இதை நான் படிக்கவில்லை. அதுவரை அவ்வளவு அடக்கமாக வந்த எழுத்து கடைசியில் திடீரென்று இப்படிக் கை நீட்டி அழுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

வைகாசி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மிக்கேலம்மாள் சிரித்த முகத்தோடுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். தருமபுரி பஸ் பன்னிரண்டரைக்கு. இப்போது மணி பன்னிரண்டு இருபது. ஏட்டையாவை அனுப்பினால் பிடித்துவிடலாம். ஆனால் அனுப்ப வேண்டாம் என்பது என் யோசனை. அந்த அம்மாளுக்கு மகள் விஷயம் நல்ல இடத்தில் முடிந்திருக்கிறது, அதை இனிமேல் இழுத்தால் நன்றாக இருக்காது.