ஒரு சாண் குறைந்த வாசல்

கொடைக்கானலில் பெயின்ட் காய்வதற்கு நாலு நாள் ஆகும், இன்ஸ்பெக்டர் ஐயா. மதுரையில் காலையில் அடித்தால் மத்தியானம் தொட்டுப் பார்க்கலாம். இங்கே மேகம் ஷெட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். என் விரலில் இருக்கிற பச்சைக் கறை அதனால் வந்ததுதான். நகக்கண்ணில் இருக்கிற சுண்ணாம்பைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

என் பெயர் அருள்மணி. பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கார் கட்டுகிறவன். ஐம்பத்தேழில் ஆரம்பித்து இந்த அறுபத்து மூன்றில் முடித்தேன். அடிச்சட்டம், பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஜீப்புடையது. கதவும் மூடியும் தார் டிரம்மை வெட்டி விரித்து நானே தட்டியவை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்க்காரர்கள் நேராக என் ஷெட்டுக்குத்தான் வருவார்கள். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வேன். என் மனைவி கித்தேரியம்மாள் பட்டுச்சேலை கட்டிப் பின்சீட்டில் உட்காருவாள். ஹாரன் அடிப்பேன். அதைவிட எனக்கு வேறு சந்தோஷம் கிடையாது. அவளுக்கு எப்படி என்று கேட்டதில்லை.

மாதா திருவிழாவன்று கோவில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் மந்திரித்துத் தருவதாகச் சாமியாரும் சொல்லிவிட்டார். நானும் ஊர் பூராவும் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம்தான் ஷெட் வாசலை அளந்தேன். காரைவிட வாசல் ஒரு சாண் குறைவு.

படித்தவன் செய்கிற தப்பா என்பீர்கள். நான் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுபோனவன். அடிச்சட்டம் நுழைந்தது, எஞ்சின் நுழைந்தது, சக்கரமும் நுழைந்தது. மட்கார்டை அகலமாக வைத்தால்தான் அழகு என்று உள்ளேயே வைத்துப் பூட்டினேன். அழகில் கண்ணாக இருக்கிறவனுக்கு வாசல் ஞாபகம் வருமா?

ஷெட்டும் வீடும் என் மச்சான் உபகாரத்துடையவை. கித்தேரியின் அண்ணன், பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பூண்டிப் பக்கத்து வெள்ளைப்பூண்டையும் கேரட்டையும் தன் ஜீப்பில் ஏற்றி வத்தலக்குண்டுக்கு இறக்குகிறவர். நல்ல மனிதர், என் வாயால் ஒரு குறை சொல்ல மாட்டேன். வாசல் பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் இடித்துக்கொள்ளட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

"எங்கய்யா கல்லு சொமந்து கட்டுன செவரு மாப்ளே. நான் இருக்கிற வரைக்கும் அதுல ஒரு கல்லு அசையாது. காரைப் பிரிச்சு வெளிய கொண்டுபோயிப் பூட்டுங்க. இல்லேன்னா கோழி அடைங்க, வெதுவெதுன்னு கெடக்கும்" என்றார்.

பூசைக்கு வந்த கூட்டம் அத்தனையும் நின்றுகொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். கித்தேரியும் சிரித்தாள், என் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டே.

எனக்குக் கோபம் வரவில்லை. ரிவெட் அடித்ததைப் பிரித்தால் அது கார் இல்லை, தகரம் என்று மட்டும் சொன்னேன். பிறகு மிச்சமிருந்த சோலியைப் பார்த்தேன். மிச்சமிருந்தது பிரேக்.

மச்சானின் ஜீப்பில் ரிப்பேர் வந்தால் பார்த்துக் கொடுப்பதும் நான்தான். மிதித்ததும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற சிலிண்டர் அதில் புத்தம்புதுசு. என்னிடம் இருந்தது பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது, உள்ளே ரப்பர் ஊறிப்போனது. இரண்டும் ஒரே அளவு. ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொண்டேன். திருடினேன் என்று எழுதாதீர்கள், மாற்றினேன் என்று எழுதுங்கள். எடுத்த இடத்தில் ஒன்றை வைத்துவிட்டுத்தான் வந்தேன். அது பெருமாள்மலை வரைக்கும் தாராளமாகத் தாங்கும்.

பெருமாள்மலைக்குக் கீழே நம் டிரைவர்கள் செய்கிற வேலை உங்களுக்கே தெரியும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து, கியரையும் எடுத்துவிட்டு, வெறும் பிரேக்கை நம்பி உருட்டிக்கொண்டே இறங்குவார்கள். கியரில் போயிருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்திருக்கும். மச்சானிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தத் திங்கட்கிழமை மட்டும் சொல்லவில்லை. சொன்னதையே சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கைப்பிரேக் கம்பி அறுந்து கிடந்தது வாஸ்தவம். மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் வைத்திருந்தேன்.

அன்றைக்குக் கித்தேரியும் வத்தலக்குண்டுக்குக் கூடப் போவதாகச் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். பின்சீட்டு உறைக்கு ஓரம் தைக்க வேண்டும், நீ இரு என்று நிறுத்திவிட்டேன். "அழுவாத தாயி, வெரசா வந்துருவேன். அடுத்த வாரம் போவோம்" என்று மச்சான் அவளைத் தேற்றிவிட்டு வெள்ளனே கிளம்பினார். மூட்டை ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன். மூன்றாவது வளைவில் ஜீப் விழுந்து கிடந்த பள்ளத்தை நீங்கள் போய்ப் பார்த்தீர்கள். நான் போகவில்லை. அந்த மாதிரிக் காட்சி எனக்கு ஆகாது.

நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "வெளிய வர வழியில்லாத காருக்கு எதுக்குய்யா பிரேக்கு?" என்றீர்கள். நியாயமான கேள்வி. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை, கித்தேரிகூட.

திருவிழாவுக்குள் வாசல் அகலமாகிவிடும் என்று எனக்குத் தெரியும், ஐயா. அதனால்தான் பூட்டினேன். ஆனால் மச்சான் பேச்சை மீறினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் இருந்த வரைக்கும் அந்தச் சுவரில் ஒரு கல்லை நான் தொட்டதில்லை. புதன்கிழமை அடக்கம் முடிந்து, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் கடப்பாரையை எடுத்தேன்.