இரங்கல் தீர்மானம்

வக்கீல்கள் மாநாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மத்தியானச் சாப்பாட்டை நினைத்துத்தான் ரயில் ஏறுகிறார்கள். நான் அப்படியில்லை, மாஜிஸ்திரேட் அவர்களே. நான் காலையில் நடக்கும் முதல் நிகழ்ச்சிக்காக வருகிறவன்.

எங்கள் ஜில்லா மாநாடு இரங்கல் தீர்மானத்தோடுதான் தொடங்கும். அந்த வருஷம் காலமான வக்கீலைப் பற்றி ஒருவர் பேசுவார். எல்லோரும் எழுந்து நின்று கேட்பார்கள். பல வருஷமாக அந்த ஒருவர் நான்தான். கடலூர் கோர்ட்டில் இந்த நடனசபாபதி வாதாட எழுந்தால் ஜட்ஜ் கடிகாரத்தைப் பார்ப்பார். குமாஸ்தா கொட்டாவி விடுவார். இரங்கல் உரையின்போது மட்டும் எவரும் அசையமாட்டார்கள்.

இந்த அறுபத்தாறாம் வருஷ மாநாடு சிதம்பரத்தில். ஆனால் ஜில்லாவில் ஒரு வக்கீலும் சாகவில்லை.

என் சீனியர் தட்சிணாமூர்த்தி ஐயாவுக்குத் தை மாதம் மார்வலி வந்தது. செம்மண்டலம் வீட்டில் அவர் கட்டிலருகே உட்கார்ந்தே உரையை மனசுக்குள் கட்டினேன். நன்றாக வந்திருந்தது. ஆனால் அவர் மனைவி பட்டம்மாள், கஞ்சியும் மருந்துமாய் விடாமல் கவனித்து, அவரை எழுப்பி நடக்கவே வைத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்நேரமும் உதட்டில் அந்த உரைதான். சாட்சிக் கூண்டில் நின்றவரை ஒருநாள் ‘அமரர்’ என்று அழைத்துவிட்டேன்.

மாநாட்டுக்கு முந்தின நாளே ஐயாவும் நானும் அண்ணாமலை நகரில் வந்து தங்கினோம். விடிந்ததும் ஐயா என்னை ஊருக்கு வெளியே ஒரு குளத்துக்குக் கூட்டிப் போனார். ஆள் அரவம் இல்லை. படியில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

“ஏண்டா சபாபதி, எனக்கு ஒண்ணு தயார் பண்ணி வச்சிருக்கியாமே? கோர்ட்டு பார் ரூம்ல வக்கீலுங்க எல்லாரும் சிரிக்கிறாங்க. எடுத்து வுடு, கேப்போம்.”

முழுவதும் சொன்னேன். அவருக்குக் கண்கூடக் கலங்கியது.

“நல்லாத்தாண்டா இருக்கு. அந்தக் ‘கருணைக் கடல்’ மட்டும் ஜாஸ்தி, எடுத்துடு. என்னா பண்றது, நான் போவ மாட்டேங்கறேனே! அடுத்த வருஷம் பாத்துக்கலாம், போ.”

சிரித்தபடி தண்ணீரில் இறங்கினார். நானும் இறங்கினேன்.

மண்டபத்தில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. யாராவது ஓடிவந்து தகவல் சொல்வார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. சங்கச் செயலாளர் ஞானசேகரன் மைக்கைப் பிடித்து, “ஆண்டவன் அருளால் இந்த வருஷம் நாம் யாரையும் இழக்கவில்லை. நேராக வரவேற்புரைக்குப் போகலாம்” என்றார்.

நான் எழுந்துவிட்டேன்.

“ஒருவர் இருக்கிறார்” என்றேன்.

என் குரலைக் கேட்டதும் மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, பழக்கம் அப்படி. மறைந்தவர் பெயரைக் கடைசி வரியில் வைப்பது என் பாணி. ‘கருணைக் கடலை’ விட்டுவிட்டேன். சீனியர் சொன்ன திருத்தத்தை மீறுகிறவன் அல்ல நான்.

பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஞானசேகரன் என் காதருகே குனிந்தார்.

“அண்ணே, ஐயா காலையில உங்ககூடத்தானே குளிக்கப் போனாரு? அவுரு போயிட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

அதன்பிறகுதான் குளத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். படி வழுக்கவில்லை. அவர் இரண்டாவது முறை முங்கியபோது தலையில் கை வைத்தேன். அசைவு அடங்கும்வரை எடுக்கவில்லை. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. நான் முந்திக்கொண்டு செத்துப் போயிருந்தால், அவருக்கு வேறு எவனோ பேசிக் கெடுத்திருப்பான். அந்த அவமானம் அவருக்கு வராமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் பேசி முடிக்கும்வரை அந்த மண்டபத்தில் ஒருவர்கூட இருமவில்லை.