அறிவித்தலில் விடுபட்ட பெயர்

துப்பறியும் நாவலை உரக்க வாசிப்பது லேசான காரியம் இல்லை. தனக்குள் வாசிப்பவன் சலிப்பான இடங்களைத் தாண்டிப் போய்விடலாம். இன்னொருவருக்காக வாசிப்பவனுக்கு அந்த வசதி கிடையாது. கொலைகாரன் பேசும் வரியையும் மற்ற வரிகளைப் போலவே சாதாரணமாக வாசிக்க வேண்டும். குரல் கொஞ்சம் இறங்கினாலும் கேட்பவர் பிடித்துக்கொள்வார். என் அம்மா பாலாம்பிகை அப்படிப் பிடிப்பதில் மகா கெட்டிக்காரி.

சீனி வியாதியால் அம்மாவுக்குக் கண் மங்கிப்போயிருந்தது. ஆள் அசைவது தெரியும், எழுத்துத் தெரியாது. நான் கண்டியில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். வேலை விட்டதும் வாடகைப் புத்தகக் கடைக்குப் போய், இந்தியாவிலிருந்து வரும் மாத நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு குண்டசாலை பஸ் ஏறுவேன். தேத்தண்ணி குடித்துவிட்டு, விளக்கு வைக்கும் வரை விறாந்தையில் உட்கார்ந்து வாசிப்பேன். கூடப்பிறந்தவர்கள் முறைத்துக்கொண்டு பிரிந்து போய், கடைசியில் ஒருவர் கொலையாகும் கதைகள்தான் அம்மாவுக்குப் பிடிக்கும்.

"எவனோ எவனையோ கொன்னா அதுல என்னா இருக்கு. ஒரே வயித்துல பொறந்தவன் செஞ்சாத்தான் கத," என்பார். நாலாவது அத்தியாயம் முடியுமுன் கையை உயர்த்துவார். "அண்ணன்காரன்தான்." பெரும்பாலும் அண்ணன்காரனாகத்தான் இருக்கும்.

அந்தக் கதைகளில் வரும் கொலைகாரர்கள் மேல் எனக்கு மரியாதை வந்ததே இல்லை. கையுறை, கத்தி, கள்ளச்சாவி, வாடகைக் கார். இத்தனை சாமானைத் தூக்கிக்கொண்டு போனால் ஏதாவது ஒன்றைத் தவறவிடாமல் என்ன செய்வான்? பன்னிரண்டு வருஷம் கந்தோரில் இருந்தவன் நான். ஒரு விஷயத்தை முடித்துவைக்க ஒழுங்காக எழுதிய ஒரு கடிதம் போதும் என்று எனக்குத் தெரியும்.

என் தங்கை யசோதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. எழுபத்தேழில் அந்தத் தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்த ராஜலிங்கம் என்பவனைக் கட்டிக்கொண்டு, தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் குடியேறிவிட்டாள். அப்பா செல்லப்பா கண்டி நகரத்தில் புடைவைக் கடை வைத்து மதிப்போடு வாழ்ந்தவர். அந்த மாதம் எனக்கு மாத்தளையில் அன்னலட்சுமி என்ற பெண்ணை நிச்சயம் செய்வதாக இருந்தது. பெண் வீட்டார் வரவில்லை. வரமாட்டோம் என்று சொல்லியனுப்பவும் இல்லை. அன்னலட்சுமியை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். ஆனால் அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதன்பின் எனக்குப் பெண் பார்க்க யாரும் முயற்சி எடுக்கவில்லை.

வீட்டாரை மீறிப் போன பிள்ளைக்குத் தலை முழுகுவது எங்களிடையே உண்டு. செத்த வீட்டில் முழுகுவது போல முழுகிவிட்டால், அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தாலும் இல்லாத பிள்ளைதான். அப்பா முழுகினார். நான் முழுகினேன். அம்மா தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். அப்போது அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அம்மா முழுகாத விஷயம் எப்படியோ யசோதாவின் காதுக்குப் போயிருக்கிறது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மூன்று வருஷம் இருந்திருக்கிறாள்.

மறு வருஷம் அப்பா காலமானார். எண்பதாம் ஆண்டு யசோதாவின் கடிதம் வந்தது. வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்துக் காட்டுவது என் வேலை.

"அம்மா, எனக்கு ஏழு மாசம். ரத்தம் பத்தாதுன்னு டிஸ்பென்சரியில சொல்றாங்க. கண்டிப் பெரியாஸ்பத்திரியிலதான் புள்ள பெறணுமாம். அதுவரைக்கும் உங்ககிட்ட வந்து இருக்கலாமா? நீங்க சொன்னா அண்ணன் கேட்கும்."

இதில் இரத்தம் பற்றிய வரியையும் ஆஸ்பத்திரி வரியையும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே வாசித்தேன். சுகமில்லாத வயதான மனுசியை ஏன் வீணாகப் பயமுறுத்த வேண்டும்?

அம்மா விரலை மடக்கி மாதத்தை எண்ணிப் பார்த்தார். பிறகு, "தலப்புள்ள. தாய் வீட்டுலதான் பெறணும். வரச் சொல்லி எழுது தம்பி," என்றார். அதோடு விடவில்லை. "முன்னறைய ஒழிச்சு வையி. அவளுக்குக் காத்து வேணும்."

முன்னறை என்னுடையது. நான் எங்கே படுப்பது என்று அம்மா கேட்கவில்லை. என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டுப் போனவள் திரும்பி வருகிறாள், அவளுக்குக் காற்று வேண்டுமாம். எனக்கு வயிறு எரிந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அம்மா சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினேன். தபாலில் போடவில்லை. அந்தக் கடிதம் இன்னமும் என் அலுமாரியில் இருக்கிறது. அம்மா பழைய சேலைகளைத் தடவிப் பார்த்துக் கிழித்து, பிள்ளைக்குத் துணி என்று துவைத்துக் காயப்போட்டார். பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து விறாந்தைக்கு வந்து நின்றார். கதை வாசிக்கும்போது அவருடைய காது தெருவில் இருந்தது. நல்ல திருப்பங்கள் எல்லாம் வீணாகின.

மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் அம்மா சொன்னார்:

"உன் கடுதாசி போய்ச் சேரல போல. நாளைக்கு ரபீகாவ எழுதச் சொல்றேன். முஹைதீன் லொறியில கொண்டுபோய்க் குடுக்கட்டும்."

ரபீகா அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் முஹைதீனின் மரக்கறி லொறி கிழமைக்கு இரண்டு தடவை ஹுன்னஸ்கிரியப் பக்கம் போய் வரும். ஆகவே என்னால் தாமதிக்க முடியாமல் போயிற்று.

அந்த நாளில் ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்காத தமிழ் வீடு இருந்திருக்காது. எங்கள் அம்மா அந்த நேரத்தில் குசினியில் சட்டி கருகினாலும் எழுந்திருக்கமாட்டார். லயத்தில் ஒருவர் ரேடியோ போட்டால் பத்துக் காம்பராவுக்குக் கேட்கும். மறுநாள் தபால் கந்தோருக்குப் போய், ரேடியோவுக்குத் தந்தி எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் படித்துவிட்டு எழுந்து நின்று அனுதாபம் சொன்னார். நானும் நன்றி சொன்னேன்.

"குண்டசாலையைச் சேர்ந்த யசோதா காலமானார். அன்னார் காலஞ்சென்ற செல்லப்பா, பாலாம்பிகை தம்பதியரின் அன்பு மகளும் சுந்தரலிங்கத்தின் பாசமிகு சகோதரியும் ஆவார். ஈமக்கிரியைகள் நிறைவுற்றன. உற்றார் உறவினர் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்."

கணவன் பெயரை நான் மறதியாக விடவில்லை. கல்யாணமானவள் உண்மையில் செத்தால் புருஷன் பெயர் இல்லாமல் அறிவித்தல் வராது. ஆகவே அதைக் கேட்கும் யசோதாவுக்கு விஷயம் விளங்கும். அம்மாவும் கடைசியில் தலை முழுகிவிட்டார், அதை ஊரறியச் சொல்லியும் விட்டார். அம்மாவுக்கோ மகள் செத்துப்போனாள், இனி பஸ் சத்தத்துக்கு எழும்ப வேண்டியதில்லை. ஒரே தந்தி, இரண்டு வீடும் அடங்கிவிடும். என்னிடம் கத்தி இல்லை, கையுறை இல்லை.

மறுநாள் காலையில் அம்மா அதைக் கேட்டார். அவர் போட்ட சத்தத்துக்கு ரபீகா முக்காடு இல்லாமல் ஓடி வந்தாள். தந்தி கந்தோருக்கு வந்தது, சொல்ல வாய் வரவில்லை, எல்லாம் முடித்துவிட்டார்களாம் என்று சொன்னேன். அந்த அழுகைக்கு நடுவிலும் அம்மா கேட்டார்:

"புருஷன் பேரு ஏன் சொல்லல?"

"குடுத்தது நான்தானேம்மா. அந்தப் பேர நான் எப்படிப் போடுவேன்?"

அம்மா தலையாட்டினார். பதினாறு நாள் ரபீகா வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. யாரும் அந்த லயத்துப் பக்கம் போக வேண்டாம், அந்த ஆட்களோடு நமக்குப் பேச்சில்லை என்று முஹைதீனிடம் சொல்லி வைத்தேன். பதினாறாம் நாள் கிரியையை ஒரு குறையும் இல்லாமல் செய்தேன். அண்ணன் என்ற முறையில் செய்ய வேண்டியது எதையும் நான் தவறவிட்டதாக எவரும் சொல்ல முடியாது.

பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை காலை, வாசல் படலையில் ஓர் ஆள் வந்து நின்றான். முழங்கால் வரை சேறு. என்னை "மச்சான்" என்று கூப்பிட்டபோதுதான் யாரென்று தெரிந்தது.

"யசோதா போயிருச்சு மச்சான். நேத்து காலையில," என்றான் ராஜலிங்கம். "ரேடியோ கேட்ட நாள்லருந்து கண்டிக்கு வரவே மாட்டேன்னுருச்சு. 'அம்மாவே முழுகிட்டாங்க, செத்தவ எப்படிங்க தாய் வீட்டு வழியா ஆஸ்பத்திரிக்குப் போறது'ன்னு சொல்லுச்சு. எவ்வளவோ கெஞ்சினேன். காம்பராவுலயே புள்ள பொறந்துச்சு. ரத்தம் நிக்கல. லொறி புடிச்சு ஏத்தினோம். பாதி வழியில தெல்தெனிய கூடத் தாண்டல."

நான் படலையைச் சாத்திப் பிடித்துக்கொண்டேன்.

"புள்ள இருக்குங்க. பொம்பளப்புள்ள. அம்மா ஒருதடவ வந்து பாத்தாப் போதும்."

வயது வந்த ஆண்பிள்ளை தெருவில் நின்று அப்படி விம்முவது எனக்குப் பிடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "இந்த வீட்டுல அவளுக்குக் கிரிய முடிஞ்சு மூணு நாளாச்சு. மறுபடி எழவு சொல்லிக்கிட்டு வராதீங்க. போங்க," என்றேன். அவன் போனான்.

"யாரு தம்பி?" என்று உள்ளிருந்து அம்மா கேட்டார்.

"கரண்ட் மீற்றர் பாக்க வந்தவன்மா."

"மீற்றர் பாக்க வந்தவன் ஏன் அழுறான்?"

"தடிமன் புடிச்சு மூக்க உறிஞ்சுறான்," என்றேன். அம்மா அதன்பின் கேட்கவில்லை. என் பதில் அவருக்குப் போதுமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா இன்னும் ஐந்து வருஷம் இருந்தார். நல்ல வருஷங்கள் என்றே சொல்வேன். நாங்கள் இருவர் மட்டும், என் முன்னறை எனக்கு. வாசிப்பும் தொடர்ந்தது. ஒரு மாற்றம் மட்டும் வந்தது. கடைசி அத்தியாயத்துக்கு வரும்போது அம்மா கையை உயர்த்திவிடுவார். "போதும். யாருன்னு எனக்குத் தெரியும்." எந்தக் கதையையும் முடிக்க விடவில்லை. ஒரு கதையில் அண்ணனே கிடையாது. ஒரு வக்கீலும் அவர் மனைவியும் ஒரு டாக்டரும்தான். அதிலும், "அண்ணன்காரன்தான்," என்றார்.

"இந்தக் கதையில அண்ணனே இல்லம்மா."

"இருப்பான். நல்லா வாசி."

முதுமையில் சிலருக்கு இப்படி அறிவு தடுமாறுவதுண்டு. கந்தோரில் ஒருவர் தன் தாயாரைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார். எண்பத்து மூன்று கலவரத்தில் நாங்கள் பத்து நாள் ரபீகா வீட்டுப் பின்னறையில் ஒளிந்திருந்தோம். அங்கே அம்மாவும் ரபீகாவும் காதோடு காதாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். பெண்கள் விஷயமாக இருக்கும் என்று நான் தலையிடவில்லை. அதன்பின் ஒவ்வொரு மாதமும் முஹைதீனின் லொறியில் பழைய சேலைத் துணிகள் எங்கோ போயின. அம்மாவுக்கு உண்மை தெரிந்திருக்க வழியே இல்லை. யார் சொல்வார்கள்?

நான் ஒன்றையும் மறுக்கவில்லை. யசோதாவைச் சாகடித்தது நான்தான். இரத்தம் போதாது என்று தெரிந்தேதான் அந்த வரியைத் தாண்டி வாசித்தேன், தெரிந்தேதான் தந்தியும் கொடுத்தேன். செய்த காரணத்தையும் சொல்லிவிட்டேன். அம்மாவை மட்டும் நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அதைக் குண்டசாலை முழுவதும் அறியும். இதை எழுத உட்கார்ந்ததுகூட அதையெல்லாம் சொல்வதற்காக இல்லை. போன செவ்வாய்க்கிழமை ரேடியோவில் நடந்த சிறு தவறு ஒன்றுக்காகத்தான்.

போன திங்கட்கிழமை அம்மா காலமானார். அறிவித்தல் கொடுக்கத் தபால் கந்தோருக்குப் போனேன். "உங்க வீட்டு அறிவித்தல் அப்பவே போயிருச்சே. முஹைதீன் வந்து குடுத்தார். அம்மாவே முன்னாடி சொல்லி எழுதி வச்சதாமே," என்றார்கள். பக்கத்து வீட்டார் உதவி செய்கிறார்களே என்று எனக்கு மனம் நெகிழ்ந்தது. மறுநாள் காலை, வீடு நிறைந்த சனத்துக்கு நடுவில் ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னேன்.

"குண்டசாலையைச் சேர்ந்த பாலாம்பிகை செல்லப்பா காலமானார். அன்னார் காலஞ்சென்ற செல்லப்பாவின் அன்பு மனைவியும், காலஞ்சென்ற யசோதாவின் பாசமிகு தாயாரும், ஹுன்னஸ்கிரிய ராஜலிங்கத்தின் அன்பு மாமியாரும், சீதாவின் அன்புப் பாட்டியும் ஆவார்."

அவ்வளவுதான். வேறொரு வீட்டு அறிவித்தல் தொடங்கிவிட்டது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ரபீகா மட்டும் பார்க்கவில்லை.

உரக்க வாசிப்பவர்கள் அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டிவிடுவதுண்டு, அது எனக்குத் தெரியாததா? திருத்தம் வேண்டுமென்று ரேடியோவுக்கு எழுதியிருக்கிறேன். அன்னாருக்குச் சுந்தரலிங்கம் என்று ஒரு மகன் இருக்கிறான் என்பதையும், அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்பதையும் தெளிவான எழுத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.