வாடகை வீட்டுப் பெண்ணுக்கு வேனில் இடமில்லை

"எம்பொண்ணு போட்ட பிளானை எடுத்துக்கிட்டு அவளையே விட்டுட்டீங்க சார்."

தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், தனக்கு முன்னால் நின்றவரிடம் இப்படித்தான் ஆரம்பித்தார். அவர் கோவிலம்பாக்கத்தில் இந்தப் பெண் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்ரட்டரி என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"வர்ற சண்டே மியூசியம் டிரிப் ஓனர்ஸ் ஃபேமிலிக்கு மட்டும்தான் மேடம். கமிட்டி டிசிஷன்."

"எந்த மியூசியம் ஃப்ரீ, எது என்னிக்கு லீவு, எதை முதல்ல பார்க்கணும்னு ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினது அவ. நீங்கதானே வீட்டுக்கு வந்து அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கினீங்க?"

"நல்லா எழுதியிருந்தா. அதான் அப்படியே போட்டோம்."

"அப்படியேதான் போட்டீங்க. அவ பேரை மட்டும் எடுத்துட்டீங்க. வேன்ல சீட் இல்லையா?"

"நாலு சீட் காலிதான். ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கில்ல?"

"மியூசியம் வாசல்ல சொந்த வீடா வாடகை வீடான்னு எவனும் கேக்கறதில்ல சார். நீங்கதான் கேக்கறீங்க."

செக்ரட்டரி வரிசையில் ஓரடி முன்னே நகர்ந்தார். எனக்கே அவர் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது. அந்தப் பெண் விடவில்லை.

"என்கிட்ட சொன்னது போதாது. உங்க ஓனர்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல வாடகைக்கு இருக்கற நாங்க யாரும் இல்ல. லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டுல எழுதுங்க. பிளான் போட்ட பொண்ணு வாடகை வீட்டுல இருக்கா, அதனால கூட்டிட்டுப் போகலன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்க. இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள போடுங்க."