ஸ்டாண்டு மேடு ஏறாது

பல்லோடு பல் பொருந்தும் பக்குவம் அறிந்தவரே! சங்கிலியின் சலசலப்பிலேயே சங்கடத்தைக் கண்டுசொல்லும் செவியுடையவரே! சைக்கிள் உதிரிபாகம் செய்யும் நம் தொழிற்சாலையில் முப்பதாண்டுகளுக்கு மேலாகச் சோதனைப் பிரிவைக் கண்ணுங்கருத்துமாய்க் கட்டிக்காத்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தலைவியே! முதுகுக்குப் பின்னால் நாங்கள் ‘ஒன்ஸ்மோர் அக்கா’ என்று அழைப்பதை அறிந்தும் அறியாததுபோல் அருள்புரிந்தவரே! வணக்கம்.

அடுக்குமொழி இத்துடன் தீர்ந்துவிட்டது, அக்கா. மிச்சமிருப்பது பயம்தான்.

இப்பிரிவில் சேர வந்த ஒவ்வொருவரிடமும் தாங்கள் கேட்ட கேள்வி ஒன்றே. பின்சக்கரத்தருகே தொங்கிச் சங்கிலியை நகர்த்தும் கியர் மாற்றியை எங்கள் உள்ளங்கையில் வைத்து, “இதை நம்பி ஒருத்தர் மேடு ஏறப்போறாரு. பயமா இருக்கா?” என்பீர்கள். “இல்ல மேடம்” என்று நெஞ்சை நிமிர்த்தியவர்கள் பேக்கிங் பிரிவுக்குப் போனார்கள். எச்சில் விழுங்கியவர்கள் இங்கே இருக்கிறோம்.

கியர் மாற்றும் கைப்பிடியில் ஒரு சொடுக்குக்குக் கேபிள் எவ்வளவு இழுபடுகிறதோ, அந்த இழுப்புக்கு மாற்றி சரியாக ஒரு பல்சக்கரம் நகர வேண்டும். இரண்டின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், மயிரிழையாகத் தொடங்கும் பிசகு சொடுக்குக்குச் சொடுக்கு சேர்ந்துகொண்டே போகும் என்று கற்பித்தீர்கள். முதல் நாலு கியர் பிசகாமல் மாறினால் நாங்கள் கைதட்டுவோம். தாங்கள் கைகட்டி நின்று, “ஒன்ஸ்மோர். கடைசிப் பல்லு வரைக்கும் ஏத்து” என்பீர்கள்.

சென்ற வாரம் நடந்ததை இந்தச் சபையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் புதிய மாற்றியின் பெட்டியில் ‘எந்தக் கைப்பிடிக்கும் பொருந்தும்’ என்று அச்சிட ஏற்பாடாகிவிட்டது. பழைய கைப்பிடியோடு கடைசிச் சொடுக்கு சிக்கியது. மாற்றி சக்கரக் கம்பிக்குள் போகாமல் தடுக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்திச் சமாளித்தோம். சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் மாட்டிய சைக்கிள் அழகாக ஓடியது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதலாளி அவர்களும், “நல்லாத்தானே ஓடுது? இன்னும் என்ன?” என்றார்கள்.

“ஸ்டாண்டு மேடு ஏறாது சார்” என்றீர்கள்.

குடோனுக்குப் பின்னால் உள்ள ஏற்றத்தில் எங்கள் ‘லோடு’ ஓட்டினார். எங்களில் எடை மிகுந்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர், அந்த வேலை. தாங்கள் வழக்கம்போல் பக்கத்திலேயே ஓடினீர்கள். கடைசிச் சொடுக்கில், பாரம் தாங்காமல் மாற்றி உள்பக்கம் வளைந்து கம்பிகளுக்குள் போயிற்று. சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. லோடு தரையில் விழாமல் தாங்கியது தங்கள் தோள். அது இன்னும் வலிக்கிறதாமே!

நாளை முதல் பக்கத்தில் ஓடிவர யாருமில்லை. அப்படியும் மாறாத பெட்டி வாசகத்துக்கு ஒப்புதல் தரும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் வேண்டுமாம். பயமாக இருக்கிறது, அக்கா. முதலாளி முகத்தை நினைத்தால் வேலை போய்விடுமோ என்று பயம். அந்த ஏற்றத்தை நினைத்தாலோ அதைவிடப் பெரிய பயம். முன்பின் தெரியாத யாரோ ஒருவர், பின்னால் லாரி வர, மூச்சுவாங்க மேடேறும்போது கடைசிச் சொடுக்கைச் சொடுக்குவார். அவரைத் தாங்கத் தங்கள் தோள் அங்கே இருக்காது.

தோள்வலி தீர்ந்து, மூட்டில் முனகலின்றி, மூச்சில் இரைப்பின்றி, எவர் பின்னும் ஓடவேண்டிய அவசரமின்றி, நிதானமாய் நடந்து நெடுநாள் வாழ்க!

இம்மடலின் அடியில் பிரிவில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட்டிருக்கிறோம். பெட்டி வாசகத்துக்கு ஒருவரும் கையெழுத்திடவில்லை, இடப்போவதும் இல்லை. முதலாளி அவர்கள் இதை இங்கேதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். வாசிப்பவர் லோடு என்பதால், குரல் நடுங்கினால் சபை பொறுத்தருள்க.

ஒன்ஸ்மோர் கேட்கிறோம், முதலாளி ஐயா.

இங்ஙனம்,
எச்சில் விழுங்கியபடி,
சோதனைப் பிரிவுப் பணியாளர்கள்